சில்லு தொங்கும்போது இறுக்காதீர்கள்: காரின் முன்பக்க சஸ்பென்ஷனை வீட்டில் பூட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் எங்கள் வளவு வேப்பமரத்தின் கீழ் ஒரு டொயோட்டா 110 கொரோலா நிற்கிறது. வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. சம்பளத்துக்கு வேறு வேலை பார்ப்பவன். ஆனாலும் அந்தக் காரின் முன்பக்கத்தில் நான் கழற்றிப் பூட்டாத போல்ட் இல்லை என்பது அயலில் தெரிந்துபோனது. பின்னேரங்களில் வேலியோரம் வந்து நின்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். எழுதி வைத்துவிட்டால் வாசித்துவிட்டு வரலாம்.

வன்னியில் முன்பக்கம் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஆட்டம் காண்கிறது?

ஏ9 வீதியைக் குறை சொல்ல முடியாது, காப்பெற் வீதி. ஆனால் யாருடைய வீடும் ஏ9இன் நடுவில் இல்லை. மல்லாவி, அக்கராயன், ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே திரும்பினால் கிரவல் ஒழுங்கைகள் இன்னும் உண்டு. வெயில் காலத்தில் கிரவல் அலை அலையாக எழும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளங்கள் நிரம்பி, எது பள்ளம் எது வீதி என்று தெரியாது.

அடியை விடப் புழுதிதான் பெரிய எதிரி. சில்லைத் தாங்கித் திரும்ப விடும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை ஊசிமுனை அளவு கிழிந்தால் போதும், செம்மண் உள்ளே போய் கிறீஸோடு கலந்து அரத்தூளாகிவிடும். போதாததற்கு, 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. நடுவில் எல்லோரும் பழைய காரையே தட்டிக்கொட்டி ஓட்டினோம்.

எது தேய்ந்துபோனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கராஜில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள்.

முன்பக்கத்தைக் காரின் அடிச்சட்டத்தில் ஜக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, சில்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையை மேலும் கீழும் வைத்து ஆட்டும்போது விளையாட்டு (தளர்வான ஆட்டம்) இருந்தால் போல் ஜொயின்ட் அல்லது பெயாரிங். இடமும் வலமும் வைத்து ஆட்டும்போது இருந்தால், ஸ்டியரிங்கிலிருந்து வந்து சில்லைத் திருப்பும் தண்டின் முனைகளான டை ரொட் எண்ட் அல்லது ராக் எண்ட். பெயாரிங்கா போல் ஜொயின்ட்டா என்ற சந்தேகத்துக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட்.

போல்ட் போகும் இடத்திலுள்ள, இரும்பும் ரப்பரும் சேர்ந்த உருளையான புஷ்ஷுக்கு ஆட்டிப் பார்த்தல் போதாது. அலவாங்கின் நுனியை, சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையான லோவர் ஆமுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக நெம்பினால், கிழிந்த ரப்பர் வாயைத் திறந்து காட்டும். மேலே மட்டும் வெடிப்புக் கோடு தெரிந்தால் இன்னும் கொஞ்சக் காலம் ஓடலாம். உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் தனியாக ஆடினால் ஓட வேண்டாம்.

லோவர் ஆமே பாரத்தைச் சுமக்கும் வாகனமென்றால் ஜக்கை ஆமுக்குக் கீழே வைத்துத்தான் ஆட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தமே தேய்மானத்தை மறைத்துவிடும்.

எங்கள் வளவு மணல். ஜக் புதைகிறதே?

புதையும். ஒரு தடவை மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஜக் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். வந்து பார்க்கும்போது ஜக் மூன்று விரற்கடை இறங்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அன்றைக்குக் கீழே படுத்திருக்கவில்லை.

முன்பெல்லாம் இதற்கு ரயில் தண்டவாளத்தின் கீழ் போடும் சிலிப்பர் கட்டைதான் தேடுவார்கள். எங்கள் பக்கத்துத் தண்டவாளமும் கட்டையும் யுத்தத்தில் பங்கர்களுக்குப் போய், 2013இல் கிளிநொச்சிவரை ரயில் திரும்ப வந்தபோது புதிய பாதைக்குக் கொங்கிறீற் கட்டைகளைத்தான் போட்டார்கள். ஆகவே பனைதான் கதி. நன்றாக முற்றிய பனங்கட்டையில், ஜக்கின் அடியைப் போல மூன்று மடங்கு அகலமான துண்டு ஒன்றை வைத்திருங்கள். ஸ்டாண்டின் நான்கு கால்களுக்கும் ஒரே பலகை. செங்கல், சீமெந்துக் கல் எதுவும் வேண்டாம்; பாரத்தில் சொல்லாமல் வெடிக்கும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகிறவருக்கு நான் ஒரு ஸ்பனரும் இரவல் கொடுப்பதில்லை. பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் அணை கொடுப்பதையும் மறக்க வேண்டாம்.

லோவர் ஆம் புஷ் போன மாசிதான் மாற்றினேன். ஆடி வருவதற்குள் கிழிந்துவிட்டது. சாமான் போலியா?

போலியாக இருக்கலாம். ஆனால் முதலில் நான் கேட்கும் கேள்வி: கடைசி இறுக்கு இறுக்கும்போது சில்லு எங்கே இருந்தது?

இதே பிழையை நானும் செய்தேன். முதல் தடவை புஷ் மாற்றியபோது கார் ஸ்டாண்டில், சில்லு இரண்டும் காற்றில். கை நன்றாகப் போகிறது, வசதியாக இருக்கிறது என்று போல்ட்டை மூச்சுப் பிடித்து இறுக்கினேன். ஐந்தாம் மாதம் பரந்தனுக்குப் போகும் வழியில் பழைய ‘டொக்’ சத்தம் திரும்ப வந்தது. விற்றவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கிழிந்த புஷ்ஷைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதைத் தூக்கிவைத்தா இறுக்கினீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

புஷ் என்பது ஓர் இரும்புக் குழாய்க்குள் இன்னொரு இரும்புக் குழாய். இரண்டுக்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். வெளிக்குழாய் ஆமோடு சேர்ந்து ஏறி இறங்கும். அந்த அசைவு முழுவதையும் நடுவிலுள்ள ரப்பர் முறுகிக் கொடுத்தே தாங்குகிறது, எதுவும் வழுக்குவதில்லை. ஆகவே எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை. சில்லு தொங்கும்போது இறுக்கினால் தொங்கும் நிலைதான் ஓய்வு. காரை இறக்கியவுடன் ரப்பர் முறுகிவிடும். சும்மா நிற்கும்போதுகூட முறுகியே இருக்கும். பிழிந்த துவாயை அப்படியே பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பது போல. அதற்கு மேல் ஒரு பள்ளம் வந்தால் இன்னும் முறுகி, ஒட்டிய இடத்தில் கிழிகிறது.

ஆகவே ரப்பர் புஷ்ஷுக்குள் போகும் போல்ட்டுகளை முதலில் நட் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் பூட்டுங்கள். சில்லைப் பூட்டி, காரை இறக்கி, பொனட்டை இரண்டு மூன்று தடவை அழுத்தி விடுங்கள். கார் தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு.

கார் தரையில் இருந்தால் கீழே கை போகாதே?

போகாது. மூன்று வழிகள் உண்டு. முன்சில்லு இரண்டையும் ஒரே உயரமான பலகை மேடையில் ஏற்றிவிட்டுக் கீழே போகலாம். வேலைக்குழி உள்ள வீடென்றால் கவலையே இல்லை. மாரியில் அது கிணறாகிவிடும் என்பது வேறு விடயம்.

நான் செய்வது மூன்றாவது வழி. வேலை தொடங்குமுன், கார் சமதரையில் நிற்கும்போதே, சில்லின் நடு மையத்திலிருந்து நேரே மேலே மட்கார்ட் விளிம்புவரை அளந்து, அந்த அளவை மட்கார்ட்டின் உட்பக்கத்தில் சோக்கால் எழுதிவிடுவேன். பிறகு கார் ஸ்டாண்டில் இருக்கும்போது, இன்னொரு ஜக்கை லோவர் ஆமின் வெளிநுனியில், போல் ஜொயின்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து அதே அளவு வரும்வரை தூக்குவேன். அளவு வந்துவிட்டால் ரப்பருக்குக் கார் தரையில் நிற்பதாகவே தோன்றும். இப்போது இறுக்கலாம். ஸ்டாண்டிலிருந்து கார் மேலே எழும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பப் பார்த்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, பலகை மேடை வழிக்குப் போங்கள்.

எல்லா போல்ட்டுக்கும் இந்தச் சட்டமா?

இல்லை. சொக்கை (சொக் அப்சோபரை) நக்கிளோடு, அதாவது சில்லு பூட்டியிருக்கும் இரும்புத் துண்டோடு, சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட், போல் ஜொயின்ட் நட், டை ரொட் எண்ட் நட் ஆகியவற்றைத் தொங்கும் நிலையிலேயே இறுக்கலாம். அவற்றில் ரப்பர் முறுகுவதில்லை. இடது வலது பக்கங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் ரப்பருக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும்.

இறுக்கின் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் இல்லை. கைக் கணக்கு போதாதா?

முப்பது வருடம் ஸ்பனர் பிடித்த மெக்கானிக் பாஸ்மாருடைய கைக்குக் கணக்குத் தெரியும். உங்கள் கைக்கும் என் கைக்கும் தெரியாது. கோபமாக இருக்கும் நாளில் ஓர் அளவு, பசியாக இருக்கும் நாளில் வேறு அளவு.

டோர்க் ரென்ச் ஒன்றை வாங்குவது நல்லது. முடியாதென்றால் தண்ணீர்க் கானை எடுங்கள். 20 லீற்றர் தண்ணீர் 20 கிலோ. வெறும் கான் ஒரு கிலோ அளவில் வரும். அந்த 21 கிலோவை, சொக்கெட்டைத் திருப்பும் நீண்ட கைப்பிடியான பவர் பாரில், சொக்கெட்டின் நடுவிலிருந்து சரியாக 50 சென்ரிமீற்றர் தூரத்தில் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்குவிசை 103 நியூட்டன் மீற்றர். கொரோலாவின் சில்லு நட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவும் 103தான். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று கானை நிறைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். வீட்டில் குடிதண்ணீர் போய்விட்டது என்று எனக்குத்தான் ஏச்சு.

முறை இதுதான். முதலில் கையால் மிதமாக இறுக்கிக்கொள்ளுங்கள். பாரை நிலத்துக்குச் சமாந்தரமாக வைத்து, கானைக் கயிற்றில் கட்டி மெதுவாக விடுங்கள், எறிய வேண்டாம். பார் கீழே இறங்கினால் நட் இன்னும் போகிறது. சொக்கெட்டைக் கழற்றிப் பாரைத் திரும்பச் சமாந்தரமாக வைத்து மறுபடி தொங்கவிடுங்கள். சமாந்தரமாக வைத்த பார் அப்படியே நின்றுவிட்டால் அளவு வந்துவிட்டது. பார் சரிந்திருந்தால் கணக்குப் பிழைக்கும். வேறு அளவு தேவையென்றால் தண்ணீரைக் கூட்டிக் குறையுங்கள்: கிலோவை மீற்றரால் பெருக்கி, அதை 9.8ஆல் பெருக்கினால் நியூட்டன் மீற்றர்.

போல்ட் கிடையாக இருக்கும் இடத்தில்தான் இது சரிவரும். போல் ஜொயின்ட் நட் போல நிமிர்ந்து நிற்பவற்றுக்குக் கான் உதவாது. மீன் வாங்குபவர்கள் கையில் தொங்கவிட்டு நிறுக்கும் வில்தராசைப் பாரின் நுனியில் கொளுவி, பாருக்குச் செங்குத்தாக இழுத்து, கிலோவை வாசியுங்கள். கணக்கு அதேதான். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மொடலின் திருத்தக் கையேட்டில் பாருங்கள். ஒரு காரின் அளவை இன்னொரு காருக்குப் போட வேண்டாம்.

டோர்க் ரென்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதால் இறுகிய நட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு வையுங்கள்.

மரைக்கு ஒயில் பூசினால் லேசாகப் போகுமே?

லேசாகப் போவதுதான் பிரச்சினை. கையேட்டில் தனியாகச் சொல்லியிருந்தாலொழிய, அளவுகள் காய்ந்த மரைக்கே உரியவை. ஒயில் பூசினால் அதே இறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். சில்லு நட்டில் இது அறுந்துபோவதில் முடியலாம். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தெடுங்கள், அது போதும். ரப்பருக்கும் கிறீஸ் வேண்டாம், ஊதிவிடும். உள்ளே போக மறுத்தால் சவர்க்காரத் தண்ணீர்.

போல் ஜொயின்ட் கழரவே மாட்டேன் என்கிறது.

நட்டைக் கழற்றி, இரண்டு மரை மட்டும் பிடித்திருக்கும்படி திரும்பப் பூட்டிவிடுங்கள். இப்போது தண்டை அடிக்க வேண்டாம். தண்டு போய் உட்காரும் நக்கிளின் காதைப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். பெரிய சுத்தியல் ஒன்றை ஒரு பக்கம் அணையாகப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் மற்றச் சுத்தியலால் ஓர் உரத்த அடி. காது ஒரு கணம் நசுங்கித் திரும்புகிறது. கூம்பு வடிவத் தண்டு தானாக ‘டக்’ என்று விழுகிறது. முள்ளுக்கரண்டி போன்ற பிளப்பு இரும்பை அடித்து ஏற்றினாலும் கழரும்; ஆனால் ரப்பர் உறை கிழிந்துவிடும். பழைய ஜொயின்ட்டை எறிவதாக இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

புதியதைப் பூட்டும்போது கூம்பும் துளையும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். நட்டோடு தண்டும் சேர்ந்து சுழன்றால், ஜக்கால் ஜொயின்ட்டை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்; கூம்பு கவ்விக்கொள்ளும்.

நட்டை அளவுக்கு இறுக்கிவிட்டேன். நட் கழராமல் குறுக்கே போடும் ஸ்பிளிட் பின்னின் துளை நேருக்கு வரவில்லை. கொஞ்சம் இளக்கலாமா?

கூடாது. நட்டின் அடுத்த வெட்டு துளைக்கு நேரே வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். பின் புதியதாக இருக்கட்டும். அந்த இடத்தில் ஆணியை வளைத்து விட்டிருந்த ஒரு வாகனத்தை நான் பார்த்திருக்கிறேன். குடும்பமாக அதில் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

பழைய நட்டையே திரும்பப் போடலாமா?

சாதாரண நட், மரை நல்லதென்றால் போடலாம். உள்ளே நைலோன் வளையம் உள்ளது ஒரு தடவைக்குத்தான்.

சொக்கை வீட்டில் மாற்றலாமா?

காரிலிருந்து ஸ்பிரிங்கோடு முழுத் தொகுதியாகக் கழற்றிப் பூட்டலாம். கழற்றுமுன் சொக்கும் நக்கிளும் சேரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அந்த போல்ட் துளையிலுள்ள சிறு இடைவெளிகூடச் சில்லின் சாய்வை மாற்றும். பொனட்டைத் திறந்தால் மேலே தெரியும் சிறிய மூன்று நட்டுகளைக் கழற்றலாம். நடுவில் இருக்கும் ஒற்றை நட்டைத் தொடாதீர்கள். ஒரு மனிதரை எறியக்கூடிய விசையோடு ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த நட்தான்.

தொகுதியைப் பிரித்துப் புதுச் சொக் போடும் வேலையை நான் கராஜில் கொடுத்துவிடுவேன். ஸ்பிரிங்கைக் கம்பி கட்டி அடக்கலாம் என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கள். சொக்கும் புஷ்ஷும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. போல் ஜொயின்ட் ஒரு பக்கம் மட்டும் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

டை ரொட் எண்ட் மாற்றினால் உடனே அலைன்மென்ட் (சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று) பார்க்க வேண்டுமா? ஒட்டுசுட்டானிலிருந்து அதற்காக டவுனுக்கு வர வேண்டும்.

வரத்தான் வேண்டும், ஆனால் வரும் வழியில் ரயர் தேயாமல் வரலாம். கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, அதே சுற்றுக்குப் புதியதைப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு ஸ்டியரிங்கை நேராக வைத்து, காரின் இரண்டு பக்கமும் சில்லின் நடு உயரத்தில் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) கட்டுங்கள். முல்லைத்தீவுக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. தங்கூசி இரண்டும் காரின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். முன்சில்லு மையத்துக்கு இடமும் வலமும் ஒரே தூரம், பின்சில்லு மையத்துக்கும் அப்படியே, இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடையிலான தூரத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் இருந்தால் அதன் பாதியைக் கணக்கில் கழித்துவிடுங்கள். பிறகு தங்கூசியிலிருந்து முன்சில்லு ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளந்து பாருங்கள். முன்சில்லு இழுவைக் கார்கள் பெரும்பாலானவற்றில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். ஐந்தாறு மில்லிமீற்றர் வித்தியாசம் தெரிந்தால் திருத்திக்கொண்டு புறப்படுங்கள்.

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் கொட்டிலில் நிற்கிறது. அதற்கும் இதே முறைதானா?

1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்கள் இவை, மரியாதையோடு தொடுங்கள். அதில் போல் ஜொயின்ட் இல்லை. மேலும் கீழும் மரை போட்ட திருகாணி அமைப்பில்தான் சில்லு திரும்புகிறது. அந்த மரைக்கு கிறீஸ் போகாவிட்டால் தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சில்லு மடிந்து விழும். இந்தக் காரின் பேர்பெற்ற நோய் அது. மாதம் ஒரு தடவை, சில்லைத் தூக்கி வைத்து, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை கிறீஸ் கன்னால் அடியுங்கள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர், மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஆமின் ரப்பர் புஷ்ஷுக்கு மட்டும் மேலே சொன்ன அதே சட்டம்: பாரத்தில் நிற்கும்போதே இறுக்கு.

வேலை முடிந்தது. இனி?

மகளின் கியூட்டெக்ஸ் குப்பியைக் கேட்டு வாங்கி, இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் தொடங்கிப் பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுங்கள். முதல் நாள் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் காது கொடுங்கள். ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டுகளை மறுபடி கான் வைத்துப் பார்த்துவிட்டு, கீழே குனிந்து கோடுகளைப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் அந்த நட் அசைந்திருக்கிறது. கியூட்டெக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது மூடியில் கிறீஸ் இல்லாமல் துடைத்துவிடுங்கள். அடுத்த தடவையும் கேட்க வேண்டியிருக்கும்.